அருணகிரியார் வரலாற்றில் உடலும் துணையும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் கோபுரங்களுள் வல்லாள மகாராசன் கோபுரமும் கிளிக்கோபுரமும் அருணகிரிநாதர் வரலாற்றோடு இணைத்துப் பேசப்படுவன. முன்னதன் உச்சியினின்று வீழ்ந்தவரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பர். பின்னதில் அவர் கிளியுருவில் அமர்ந்தார் என்பர். இவை செவிவழிச் செய்திகளே. எனினும், 15ஆம் நூற்றாண்டுப் புலவரைப் பற்றி மக்கள் கொண்ட கருத்து இவற்றில் உறைகின்றது.

உடல் கழற்றி எறிதற்குரிய சட்டையே என்பதுதான் இக்கதைகளின் உட்பொருள் என்று கொள்ளுதல் எளிது. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம். இது வெறும் இலக்கிய வினா அன்று. நோயற்ற தம் காலோ கையோ தமக்கு உரியதன்று என்னும் உணர்வால் இளமை தொட்டு வருந்துவோர் உளர். அவ்வுறுப்பு நலமுடையது என்பதை அவர் நன்கறிவர். அறிந்தும், அஃதின்றி இருத்தலே தம் இயல்பென உணர்வர். 2005இல் மைக்கேல் ஃபர்ஸ்ட் என்னும் அமெரிக்க உளமருத்துவர் இத்தகையோர் 52 பேரை வினவி ஆய்வு வெளியிட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைப்படுத்திய நோய்ப்பகுப்பில் இந்நிலை தனிப்பெயர் பெற்றுள்ளது. இவர்களிடம் ‘உடல் பொய்’ என்று உரைப்பது ஆறுதலாகாது. உறுப்பைத் தாமே சிதைத்துக்கொள்ளும் எண்ணத்திற்கு அது துணைபோதலும் கூடும்.

கதையும் அவ்வாறு உரைக்கவில்லை. வீழ்ந்தவரை முருகன் முதலில் தாங்குகின்றான். பாடும் பணி அதன் பின்னரே வருகின்றது. உடல் இகழத்தக்கதாயின் தாங்கவேண்டுவதில்லை அன்றோ? கிளிக்கதையிலும் புலவர் தம் உடலை வெறுத்து நீத்தாரல்லர். பாரிசாத மலர் கொணரக் கிளியுடல் புக்க வேளையில், சம்பந்தாண்டான் சூழ்ச்சியால் அவருடல் எரியூட்டப்பட்டது. அஃது இழப்பேயன்றித் துறவன்று. கிளியாயிருந்து அவர் பாடியதெனக் கூறப்படும் கந்தரனுபூதியை உலகம் கிளியின் பாட்டென ஒதுக்கவில்லை. அருணகிரியார் பாட்டெனவே போற்றியது.

அருணகிரியாருக்கு அந்நோய் இருந்தது என்பது நம் கருத்தன்று. ஒப்புமை நோயில் இல்லை. பிறர் ஏற்றுக்கொண்ட முறையில் உள்ளது. தாங்கும் கையும் இகழாது கேட்கும் செவியும் முதலில் வேண்டும். மருத்துவரும் சுற்றத்தாரும் ஒத்த துன்பமுடையோரும் அவற்றை அளித்தல் இயலும். அறிவுரை பின்னர் வரலாம். இவ்வரிசையை மாற்றிப் படிப்பது கதைக்கும் பொருந்தாது, வாழ்வுக்கும் பொருந்தாது.