மரபுரிமையும் குடியிருப்போரும்: பொகவந்தலாவை லயங்களை முன்வைத்து ஒரு நோக்கு

பழைய நகரங்களைப் புனரமைத்தல் பற்றிய விவாதங்களில் மலையகத் தோட்டக் குடியிருப்புகள் இடம்பெறுவதில்லை. காலி, கண்டி, அனுராதபுரம் ஆகியனவே 'மரபுரிமை' என்னும் சொல்லுக்கு உரியனவாகக் கருதப்படுகின்றன. பழமையான கட்டடங்களும் அவற்றில் தொடர்ந்து வாழும் மக்களும் ஒருங்கே அமைந்த இடமே வரலாற்றுக் குடியிருப்பு என்று கொள்வோமாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களோடு தோன்றி இன்றும் மக்கள் வாழும் லயங்களை அவ்வரையறைக்குப் புறத்தே நிறுத்த நியாயமில்லை.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் மரபுரிமை பேணப்படவில்லை என்று கூறவும் முடியாது. 1879இல் காலமான ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் இங்குள்ள சென் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டார். அக்கல்லறையைத் தேடி வருவோர் இன்றும் உளர். (அவர் இலங்கையில் எடுத்த படங்களிலுள்ள உள்ளூர் மக்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே எஞ்சியுள்ளனர் என்பதும் நினைவுகொள்ளத் தக்கது.) 1888இல் கட்டப்பட்ட ரியன்சின் துரை பங்களா, 2005இல் தொடங்கப்பட்ட 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' உல்லாச விடுதிகளுள் ஒன்றாகப் புதுப்பிக்கப்பட்டது. பழைய கட்டடத்தை இடித்தழிக்காது பயன்கொள்வது நன்றே. ஆனால் பங்களா, தேயிலைத் தொழிற்சாலை, பெரட்டுக் களம், கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பிரா, லயம் என்பன ஒரே உற்பத்தி முறையின் உறுப்புகள். அவற்றுள் ஒன்று மட்டும் மரபுரிமையாகவும் மற்றொன்று வெறும் சேரியாகவும் கணிக்கப்படுவது எவ்வாறு? இங்கே அழகியல் அளவுகோலைத் தீர்மானிப்பது வர்க்கமே.

இதனாற் லயத்தைப் போற்றிப் பாதுகாக்க வேண்டும் என்பது பெறப்படாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவும், அடுப்படியாகவும் படுக்கையிடமாகவும் மாறும் இஸ்தோப்பும், ஒழுகும் தகரக் கூரையும் வாழ்வதற்கு ஏற்றவையல்ல. தொழிலாளியை வேலை நேரத்திற்குப் பின்னரும் தோட்டத்தின் பிடிக்குள் வைத்திருக்கும் தேவையே அவ்வடிவத்தைத் தந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதையுண்டதை அறிந்த எவரும் அவற்றைப் பற்றி மனோரதியப் பாங்கிற் பேசத் துணியார். கம்பளைக்கு அண்மையில், பாரதெக்கவில் ஒரு பழைய லயம் தேயிலைத் தொழிலாளர் அரும்பொருட் காட்சியகமாக ஆக்கப்பட்டுள்ளது. நினைவைக் காக்க அத்தகைய ஓரிரண்டு போதும். எஞ்சியவை மனிதர் வாழும் வீடுகளாக வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டதன் பொருள், கூரையில்லாதவன் என்பதன்று. கூரை இருந்தும் அது தன்னுடையதென்று சொல்ல முடியாதவன் என்பதேயாம்.

காலிக் கோட்டை 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. பின்னர் நிலவிலை ஏற, வீடுகள் பல விடுதிகளாகவும் வெளிநாட்டார் உடைமைகளாகவும் மாறின. பழைய குடிகளுட் பலர் விற்றுவிட்டு வெளியேறினர். பொகவந்தலாவைத் தொழிலாளிக்கு விற்பதற்கும் ஒன்றுமில்லை. அங்கே கட்டடம் பிழைத்தது, மக்கள் அகன்றனர். இங்கே மக்கள் இருக்கின்றனர், கட்டடம் சிதைகின்றது. இத்தாலியின் பொலோஞா நகரசபை 1973இல் வேறொரு வழியை நாடியது. பழைய நகரின் நடுவே பாட்டாளி மக்கள் வாழ்ந்த வீடுகளைப் பொதுநிதியாற் புதுக்கி, அம்மக்களையே அங்கு இருத்துவது அதன் நோக்கம். வீட்டுடைமையாளரின் எதிர்ப்பால் நிலத்தைச் சுவீகரிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, வாடகை பற்றிய உடன்படிக்கைகளோடு அமைய நேர்ந்தது.

அந்தத் தடை நமக்கில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்ட நிலம் அரசுடைமையாயிற்று; 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும் நிலம் அரசினதே. எனினும் தோட்டத்துள் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டது. உடைமையாளன் அரசாயிருப்பதனாலேயே குடியிருப்போன் உரிமை பெறுவான் என்ற நம்பிக்கை, இடதுசாரிகளாகிய நம்மிடையே நெடுங்காலம் ஆராயப்படாது கிடந்தது.

2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் நிலத்தில் 550 சதுர அடித் தனிவீடு என்பது அத்திட்டங்களின் அளவு. லயத்தோடு ஒப்பிடுகையில் இது பெரும் பேறுதான். ஆயினும் வீடுகளை எண்ணுவோர் காமன் பொட்டலை எண்ணுவதில்லை. மாரியம்மன் கோயில், காமன் கூத்தாடும் வெளி, அயற்காம்பிராக் கிழவியிடம் பிள்ளையை விட்டுக் கொழுந்தெடுக்கச் செல்லும் வசதி என்பன லயத்தின் கொடுமைக்குள்ளேயே மக்கள் தாமாக ஆக்கிக்கொண்டவை. புதிய குடியிருப்பை எங்கே அமைப்பது, எவ்வெவ் வீடுகள் அருகருகே நிற்பது, பொட்டல் எவ்வளவு அகலம் என்பவற்றை வரைபடம் தீட்டுமுன் அவர்களிடமே கேட்டாக வேண்டும். காணி உறுதியையும் வீட்டுத் திறப்போடு ஒரே நாளிற் கையளிக்க வேண்டும்.