இன்சுலினைக் குறைப்பது சாதனையா?

பேலியோவும் மாவுச்சத்து குறைந்த உணவும் தமிழ் வீடுகளுக்குள் வந்த பிறகு, சர்க்கரை நோயாளிகளின் வெற்றிக் கதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல வருகின்றன. பழைய சட்டை தொளதொளவென்று தொங்கும் படம் ஒன்று. இத்தனை கிலோ குறைந்தேன் என்று ஒரு வரி. இத்தனை யூனிட் போட்டுக்கொண்டிருந்தேன், இப்போது ஊசியே இல்லை என்று அடுத்த வரி. எடையும் யூனிட்டும் சேர்ந்து இறங்குவதே குணமாவதன் அடையாளம் என்று படிப்பவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. கேள்வி கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "இன்சுலின் கொழுப்பைச் சேர்க்கும் ஹார்மோன். அதைக் குறைக்காமல் எடை எப்படிக் குறையும்?" கணையம் இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்ட டைப் 1 நோயாளிக்கும் இதே பதில்தான் கிடைக்கிறது. என் மறுப்பு அங்கேதான்.

நியாயமானவற்றை ஒப்புக்கொள்வோம். இன்சுலின் எடையைக் கூட்டும் என்பது கற்பனை அல்ல. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் காப்பாற்றப்படும் என்று 1993இல் நிறுவிய டிசிசிடி ஆய்விலேயே, தீவிர சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாண்டில் மற்றவர்களைவிடச் சுமார் 4.6 கிலோ கூடுதலாக எடை போட்டார்கள். இதைப் பற்றி வாய் திறக்காமல், "வாயைக் கட்டுங்க, நடங்க" என்று அனுப்பிவிடும் மருத்துவர்கள் இருக்கும்வரை நோயாளி வேறு இடம் தேடத்தான் செய்வார். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்று மூன்று வேளையும் மாவுச்சத்தில் ஓடும் நம் சாப்பாட்டைக் குறைப்பதும் நல்லதுதான். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் வகுத்த கடுமையான குறைமாவு உணவைப் பின்பற்றிய முந்நூறுக்கும் மேற்பட்ட டைப் 1 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியானது. மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அவர்களுக்குச் சராசரியாக 6க்குக் கீழே இருந்தது. அது பெரிய விஷயம்.

ஆனால் பெர்ன்ஸ்டைனின் பெயரைச் சொல்பவர்கள் அவர் வாழ்க்கையின் பாதியைத்தான் சொல்கிறார்கள். 1946இல், 12 வயதில் அவருக்கு நோய் வந்தது. 2025இல் 90 வயதில் இறந்தார். இடைப்பட்ட காலம் முழுவதும் ஊசி போட்டுக்கொண்டார். அவர் குறைத்தது சாப்பாட்டை. சாப்பாடு குறைந்ததால் தேவைப்பட்ட இன்சுலின் குறைந்தது. நம் வெற்றிக் கதைகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. விளைவாக வந்த எண்ணை இலக்காக்கி, யூனிட்டைக் குறைத்தால் எடை குறையும் என்று கற்பிக்கின்றன. இந்த முறையின் மற்றக் குறைகளை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஏனென்றால் டைப் 1 நோயாளி இன்சுலினைக் குறைத்தால் எடை உண்மையாகவே குறையும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால் சிறுநீரகம் மிச்சத்தை வெளியே விடத் தொடங்குகிறது. 100 கிராம் குளுக்கோஸ் சிறுநீரில் போனால் 400 கலோரி போயிற்று. அதோடு நீரும் போகிறது, தசையும் கரைகிறது. எடைக் கருவியில் ஏறி நிற்பவருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. எண் இறங்கியது மட்டும் தெரிகிறது. நோய் கண்டுபிடிக்கப்படும் முன், "பிள்ளை நல்லாத்தான் சாப்பிடுறான், ஆனா இளைச்சுக்கிட்டே போறான்" என்று அம்மாக்கள் கலங்குவார்களே, அதே இளைப்புதான் இது. அன்றைக்கு நோயின் அறிகுறியாக இருந்தது இன்றைக்கு வெற்றியின் அறிகுறி ஆகிவிடுமா?

இன்சுலின் வருவதற்கு முந்தைய மருத்துவம் இந்த இளைப்பின் கடைசி எல்லையைப் பார்த்திருக்கிறது. அப்போது ஃபிரெடரிக் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவரின் பட்டினி முறைதான் முக்கிய வழி. அவரிடம் சிகிச்சை பெற்ற எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். 1922 ஆகஸ்டில் டொரொன்டோவில், இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பான்டிங்கிடம் வந்தபோது அவளுக்கு 15 வயது நிறையப் போகிறது. எடை 20 கிலோ. ஊசி போட்டதும் அவள் உடல் தேறியது, எடை கூடியது. 1981 வரை வாழ்ந்தாள். குறைமாவும் பட்டினியும் இன்சுலின் இல்லாத உடலைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ இழுத்துப் பிடிக்கும், காப்பாற்றாது என்பது நூறாண்டுக்கு முன்பே முடிந்துபோன வழக்கு.

"சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு?" என்ற கேள்வியும் இந்தக் கற்பித்தலில் இருந்துதான் வருகிறது. விரதமிருந்தாலும் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின். அதை நிறுத்தினால் உடல் கொழுப்பைத் தாறுமாறாக உடைக்கிறது, கீட்டோன் பெருகுகிறது. குறைமாவு உணவுக்காரர்கள் கீட்டோனைக் கண்டால் மகிழ்கிறார்கள். கணையம் வேலை செய்கிற உடலில் சிறிதளவு இன்சுலினாவது சுரந்து கீட்டோனை ஓர் அளவோடு நிறுத்திவிடும். டைப் 1 உடலில் அந்தத் தடுப்பு ஊசியில் மட்டுமே இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. "கொழுப்பு எரிகிறது" என்ற ஒரே சொற்றொடரால் இரண்டு உடல்களுக்கும் அறிவுரை சொல்வது பொறுப்பில்லாத செயல்.

இந்த அறிவுரை இளம்பெண்களிடம் போய்ச் சேரும்போது நிலைமை இன்னும் மோசம். "கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைச்சுக்கோ" என்று வீடே சொல்கிறது. நாலு யூனிட் விட்டுப் பார்த்தால் துணி தளர்கிறது, பார்ப்பவர்கள் பாராட்டுகிறார்கள். எடைக்காக இன்சுலினைக் குறைத்துப் போடுவதை மருத்துவம் உணவுப் பழக்கக் கோளாறுகளோடு சேர்த்தே பார்க்கிறது. அமெரிக்காவின் ஜோஸ்லின் மையம் டைப் 1 பெண்களை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், இன்சுலினைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு மரண ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. ஊசியை விட்டதைச் சாதனையாகக் கொண்டாடும் ஒவ்வொரு கதையும் இந்தப் பெண்களின் காதில் அனுமதியாகத்தான் விழும்.

யூனிட்டைக் குறைப்பதற்கு உரிய இடம் ஒன்று உண்டு. இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, வழக்கமான அளவு ஊசியும் போட்டு, அரை மணி நேரம் வேகமாக நடந்துவிட்டுப் படுத்தவரின் சர்க்கரைக் குறிப்பேட்டைப் பாருங்கள். விடியற்காலை 2 மணிக்கு 58. வியர்வை, நடுக்கம், அகோரப் பசி. 15 கிராம் குளுக்கோஸ் போதும், அதில் 60 கலோரிதான். ஆனால் அந்தப் பயத்தில் யாரும் கிராம் கணக்குப் பார்ப்பதில்லை. பிஸ்கட் பாக்கெட் முழுவதும் தீர்கிறது, மேலே சர்க்கரை போட்ட பால் வேறு. காலையில் 290. நடந்து எரித்ததைப்போலச் சில மடங்கு உள்ளே போய்விட்டது. இன்சுலின் போடுபவர்கள் நடந்தும் இளைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். நடக்கப்போவது முன்பே தெரிந்தால், சாப்பாடு குறையப்போவது தெரிந்தால், மருத்துவரோடு பேசி அந்த வேளை ஊசியை அதற்கேற்ப முன்கூட்டியே குறைத்துக்கொள்ள வேண்டும். லோ சுகர் வராமலிருந்தால் எடையைக் குறைப்பது எளிதாகும். இந்தக் குறைப்பும் வெற்றிக் கதைகளின் குறைப்பும் ஒன்றல்ல. இது தேவைக்கு அளந்து குறைப்பது. அது ஆசைக்குக் குறைப்பது.

எடையும் யூனிட்டும் சேர்ந்து இறங்கும் கனவை மருந்து நிறுவனங்களும் வேறு வழியில் துரத்திப் பார்த்தன. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை டைப் 1 நோயாளிகளுக்கு 2019இல் ஐரோப்பா அனுமதித்தது. 2021இல் அந்த அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த மாத்திரையால் சர்க்கரை பெரிதாக ஏறாத நிலையிலேயே கீட்டோன் நஞ்சாகப் பெருகக்கூடும். குறைமாவு உணவோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். கண்காணிப்போடு நடந்த மருத்துவமே இப்படித் தயங்குகிறது. சாப்பாட்டுப் படத்தையும் எடையையும் மட்டும் பார்த்து யூனிட் சொல்பவர்களுக்குத் தயக்கமே இல்லை.

எடை குறைத்து நோயை மாற்றலாம் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வு, இன்சுலின் போடுபவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. சான்றுக்குள் இல்லாதவர்களிடம் அதன் முடிவை விற்பது மோசடிக்கு அடுத்த வீடு. ஊசியை விட்டேன் என்று எழுதுபவர் எந்த வகை நோய், கணையம் இன்னும் சுரக்கும் இன்சுலினைக் காட்டும் சி-பெப்டைடு எவ்வளவு, ஹெச்பிஏ1சி எவ்வளவு, எத்தனை முறை லோ ஆனது என்பவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தக் கதையை வெளியிடக் கூடாது. இன்சுலின் இல்லாமல் உயிர் வாழ முடியாதவர் எடை குறைக்கலாம், குறைத்தவர்கள் உண்டு. அவருடைய வெற்றியை யூனிட்டால் அளப்பதை நிறுத்துங்கள். போட வேண்டிய ஊசியைக் குறையாமல் போட்டுக்கொண்டே எடை இறங்கியிருந்தால் அது மட்டுமே வெற்றி.