சுவரை இழந்த சுவரொட்டிகள்

போர்க்காலச் சுவரொட்டி என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, சிவப்புத் தாளில் மேலே ஒரு மணிமுடியும் கீழே ‘பதறாதே, உன் வேலையைத் தொடர்’ என்று பொருள்படும் ஐந்து ஆங்கிலச் சொற்களும்தான். குவளையில், சட்டையில், சாவிக்கொத்தில் எல்லாம் அது அச்சாகிவிட்டது. குண்டுமழைக்கு நடுவே லண்டன் மக்கள் தினமும் பார்த்துத் தெம்படைந்த வாசகம் அது என்று வாங்குகிறவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதில்லை. 1939இல் பிரிட்டனின் தகவல் அமைச்சகம் 24,50,000 படிகள் அச்சடித்து, பேரழிவு நேர்ந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று கிடங்கில் வைத்தது. முறைப்படி வெளியிடவே இல்லை. 1940இல் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது பெரும்பகுதியைக் கூழாக்கினார்கள். 2000ஆம் ஆண்டு நார்தம்பர்லாந்தின் ஆன்னிக் நகரில் பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடைக்காரர்கள் ஏலத்தில் எடுத்த பெட்டிக்குள் ஒரு படி கிடைத்தது. கடையில் மாட்டினார்கள், கேட்டவர்களுக்குப் படியெடுத்து விற்றார்கள். அதன் புகழ் அங்கேதான் பிறந்தது.

அதே வரிசையில் உண்மையாகவே ஊரெங்கும் ஒட்டப்பட்ட சுவரொட்டி வேறு. உங்கள் துணிவும் மகிழ்வும் மனவுறுதியும் எங்களுக்கு வெற்றியைத் தேடித்தரும் என்றது அது. துணிவும் துன்பமும் ஊராருக்கு, வெற்றி மட்டும் ஆள்கிறவர்களுக்கா என்று அதைப் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். இது நமக்கு எப்படித் தெரியும்? 1937இல் தொடங்கிய ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்ற அமைப்பின் ஆட்கள் தெருவில் நின்று, சுவரொட்டியைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் மிஞ்சியிருப்பது அழகான எழுத்துருவும் கம்பீரமான சிவப்பும் மட்டுமே.

அருங்காட்சியக நூலகங்கள் போர்க்காலப் பரப்புரைப் படங்களைச் சேர்த்துவைக்கும் முறையில் என்னை உறுத்துவது இதுதான். தாள் பத்திரமாக இருக்கிறது. அது ஒட்டப்பட்ட சுவர், அச்சான எண்ணிக்கை, கொடுத்த ஆள், பார்த்தவரின் பேச்சு ஆகியவை பதிவேட்டில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பரப்புரை என்பது ஒரு செயல். படம் அதன் கருவி. கருவியை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தால், பிழைத்த படத்தையே வென்ற படம் என்று பார்ப்பவர் எண்ணிவிடுகிறார்.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. சிவப்புத் தலைத்துணி கட்டி, சட்டைக் கையை மடக்கிப் புயத்தை முறுக்கிக் காட்டும் பெண்ணின் படம் இன்று பெண்ணுரிமையின் சின்னம். ஜே. ஹோவர்ட் மில்லர் அதை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்காக வரைந்தார். 1943 பிப்ரவரியில் இரண்டே வாரம், அந்த நிறுவனத்தின் தொழிற்சாலைகளுக்குள் மட்டும் அது தொங்கியது. உற்பத்தி குறையாமல், வேலைநிறுத்தம் வராமல் பார்த்துக்கொள்ள நிர்வாகம் தொங்கவிட்ட பல படங்களில் அதுவும் ஒன்று. பெண்களை வேலைக்கு அழைக்கும் வாசகம் அதில் இல்லை; ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களை நோக்கியே அது பேசியது. நாடறியப் பரவியது 1980களில். பிந்தைய தலைமுறை ஒரு படத்தை எடுத்துத் தன் போராட்டத்துக்குப் பயன்படுத்துவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் நிர்வாகத்தின் அறிவிப்பாக இருந்ததை அன்றைய பெண்களின் குரலாகவே வரலாற்றில் எழுதிவிடுவது, அந்தத் தொழிலாளிகளுக்குச் செய்யும் அநீதி.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தச் சேகரிப்புப் பணியை நான் மதிக்கிறேன். அதற்கு முதற்காரணம் ஆல்ஃபிரட் வீனர். ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அந்த யூத அறிஞர், நாஜிகளின் வெளியீடுகளையும் அவர்களைப் பற்றிய சான்றுகளையும் 1933 முதல் ஆம்ஸ்டர்டாமில் திரட்டினார். அந்தத் தொகுப்பு லண்டனுக்கு மாறி, 1939 செப்டம்பர் 1 அன்று, போலந்து தாக்கப்பட்ட அதே நாளில், நூலகமாகத் திறந்தது. போர் முழுக்கப் பிரிட்டிஷ் அரசு அதைப் பயன்படுத்தியது. பின்னர் நியூரம்பெர்க் விசாரணைக்கும் அது உதவியது. 1938இல் யூலியஸ் ஸ்ட்ரைகரின் பதிப்பகம் வெளியிட்ட ‘நச்சுக்காளான்’ என்ற சிறுவர் படப்புத்தகம் அந்த விசாரணையில் சான்றாக வைக்கப்பட்டது. நல்ல காளானுக்கும் நச்சுக் காளானுக்கும் வேறுபாடு சொல்லித்தரும் தாய், அப்படியே யூதர்களை அடையாளம் காணக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிற புத்தகம் அது. ஸ்ட்ரைகர் 1946 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். வெறுப்பின் அச்சுத்தாள்களை அருவருப்போடு கிழித்தெறிந்திருந்தால் வழக்குக்குச் சான்று குறைந்திருக்கும். பகைவனின் குப்பையையும் தேதி குறித்து எடுத்துவைக்கும் மனவலிமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இரண்டாவது காரணம், சின்னஞ்சிறு பொருள்கள். மயாமி பீச்சில் 1927இல் கட்டிய பண்டகசாலையில் இயங்கும் வூல்ஃப்சோனியன் அருங்காட்சியகம், மிட்செல் வூல்ஃப்சன் என்பவரின் தனிச் சேகரிப்பிலிருந்து வளர்ந்து 1995இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அதன் நூலகம் தீப்பெட்டி அட்டை, அஞ்சலட்டை, இசைத்தாள், சிறுவர் நூல் ஆகியவற்றையும் ஆய்வுக்குரியதாக நடத்துகிறது. இது சரியான திசை. சுவரொட்டியைக் கடந்துபோகிறவன் ஒரு கணம் பார்ப்பான். தீப்பெட்டியோ சட்டைப்பையில் கிடந்து, ஒவ்வொரு சிகரெட்டுக்கும் வெளியே வருகிறது. குச்சியை உரசும் பட்டை ஹிட்லரின் பின்புறத்தில் அமையும்படி அமெரிக்காவில் தீப்பெட்டி அட்டைகள் அச்சிட்டார்கள். பகைமையை விரல்பழக்கமாக்கிய அந்தத் தந்திரம் பெரிய ஓவியர்களின் சுவரொட்டிகளில் கிடையாது.

ஜப்பானின் ‘காமிஷிபாய்’ எனப்படும் காகித நாடகம் இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரச்சட்டத்துக்குள் படஅட்டைகளை ஒவ்வொன்றாக உருவியபடி ஒருவர் கதை சொல்வார். 1930களில் சைக்கிளில் வந்து மிட்டாய் விற்று, பிள்ளைகளைக் கூட்டிக் கதை சொன்ன தெருக்கலை அது. போர் வந்ததும் அரசு அதைக் கையிலெடுத்தது. பள்ளியிலும் தொழிற்சாலையிலும் கிராமத்திலும் சேமிப்பையும் உயிர்த்தியாகத்தையும் பற்றிய கதைகள் காட்டப்பட்டன. தெருக்கதைசொல்லி வாய்க்கு வந்தபடி மாற்றிச் சொன்ன இடத்தில், இப்போது அட்டையின் பின்புறம் உரை அச்சிடப்பட்டிருந்தது. முதல் அட்டையை உருவிப் பின்னால் செருகினால், அதன் முதுகில் இரண்டாம் படத்துக்கான உரை கதைசொல்லியின் கண்முன் வரும். ஆகவே அட்டைகளைத் தனித்தனிப் படங்களாகப் பதிவுசெய்யும் பட்டியல், படத்தை அதன் சொல்லிலிருந்து பிரித்துவிடுகிறது. சட்டமிட்டு மாட்டினாலோ முதுகே மறைந்துவிடும். தோல்விக்குப் பின் இவற்றில் ஏராளமானவை எரிக்கப்பட்டன. அமெரிக்காவின் ஹூவர் நிறுவனத்தில் ஒரு தொகுப்பு இருக்கிறது. இந்த அட்டைகளை மரச்சட்டத்தில் வைத்து, உரக்கப் படித்து, பதிவுசெய்து கேட்கத் தர வேண்டும். அதை நாடகமாகவே பாதுகாக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு பொருளை நூலகம் பெற்றுக்கொள்வதற்கும் அறிந்துகொள்வதற்கும் இடையே அரை நூற்றாண்டு கழியலாம். 1941இல் ஜெர்மனி சோவியத் நாட்டின் மீது படையெடுத்ததும் மாஸ்கோவில் ஓவியர்களும் கவிஞர்களும் சேர்ந்து, அந்நாட்டுச் செய்தி நிறுவனமான தாஸின் பெயரில் ‘தாஸ் சாளரம்’ என்ற பெரும் சுவரொட்டிகளை, ஸ்டென்சில் வெட்டிக் கையால் வண்ணமேற்றித் தயாரித்தார்கள். நட்பு நாடுகளுக்கும் அனுப்பினார்கள். சிகாகோ கலைக்கழகத்துக்கு வந்தவை, 1997இல் ஒரு கிடங்கின் மூலையில் பழுப்புத்தாள் சுற்றிய 26 பொதிகளாகத் திரும்பக் கிடைத்தன; 2011இல்தான் பெருங்கண்காட்சி நடந்தது. நேற்றைய தோழன் இன்றைய பகைவனானபின் அந்தப் பொதிகளைப் பிரிக்க யாருக்கும் அவசரம் இருந்திருக்காது என்றே தோன்றுகிறது. சேகரிப்பகம் அரசியலுக்கு வெளியே நிற்கும் இடம் அல்ல.

வெறுப்புப் படத்தைக் காட்டலாமா என்ற கேள்விக்கு என் விடை, காட்டத்தான் வேண்டும் என்பது; ஆனால் தேதியோடும் விளைவோடும். குழந்தைகளின் அன்புக்குரிய டாக்டர் சூஸ் 1941 முதல் ‘பி.எம்.’ நாளிதழில் ஏறத்தாழ 400 கருத்துப்படங்கள் வரைந்தார். யூத வெறுப்பையும் கறுப்பினத்தவரை ஒதுக்குவதையும் அவற்றில் சாடினார். அதே கைதான் 1942 பிப்ரவரி 13 அன்று, அமெரிக்க மேற்குக் கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் வரிசையில் நின்று வெடிபொருள் வாங்கிச் செல்வதாக ஒரு படம் வரைந்தது. ஆறாம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணை வந்தது. ஏறத்தாழ 1,20,000 பேர் வீட்டையும் கடையையும் விட்டு முகாம்களுக்குப் போனார்கள். ஆணைக்கு அந்தப் படம் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் காற்றில் அந்த ஆணை எழுதப்பட்டது என்பதை அது காட்டுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ நூலகம் இந்தப் படங்களை மறைக்காமல் இணையத்தில் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. இத்தகைய படத்தின் கீழே ஓவியரின் பெயரும் தாளின் அளவும் மட்டும் இருந்தால் போதாது. அந்த ஆறு நாள் இடைவெளியும் அச்சாக வேண்டும்.

பிரிட்டனில் தகவல் அமைச்சகத்தின் கோப்புகளும் மூல ஓவியங்களும் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அச்சான சுவரொட்டிகளின் பெருந்தொகுப்பு லண்டன் லாம்பெத்தின் போர் அருங்காட்சியகத்தில். தெருவில் நின்று கேட்டு எழுதிய மாஸ் அப்சர்வேஷன் குறிப்புகள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். ஒரு சுவரொட்டியின் எண்ணைத் தட்டினால் இந்த மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும்படி பட்டியல்களை இணைப்பது, இன்னும் ஆயிரம் சுவரொட்டிகளை வாங்கிச் சேர்ப்பதைவிட அவசரமான வேலை.