எச்சிலும் சுவரும்

ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரியை நாவல் படிக்கிற மாதிரி படிப்பவன் நான். சரித்திரக்காரர்கள் அதில் டூப்ளேயைத் தேடுவார்கள்; எனக்கு வேண்டியது மனிதர்கள். 1745 அக்டோபரில் புதுச்சேரிக் கோவிலில் நடந்த ரகளையைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதி போதும், ஒரு நாவலுக்கு.

ஜனங்கள் சம்பா கோவில் என்பார்களே, அது. (மிஷன் வீதியில் இன்று நிற்கும் கட்டடம் பிற்பாடு எழுந்தது.) பழைய கோவிலுக்குள் சேரிக் கிறிஸ்தவர்களைப் பிரித்துவைக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் அதைப் பார்த்துச் சேரி ஜனங்களைக் கிளப்பிவிட்டார். அவர்கள் பெரிய சாமியாரிடம் போய் முறையிட்டார்கள்; சுவர் இடிந்தது. இதுவரை படிக்கும்போது மனம் நிறைந்துபோகிறது. ஆனால் பிள்ளை அங்கே நிறுத்தவில்லை. கனகராய முதலியின் உறவுக்காரர் ஒருவரின் மனைவி மெல்லிய சல்லாவும் நகையுமாகப் பூசைக்கு வருகிறாள். பாதிரியார் கைப்பிரம்பால் அவளைச் சீண்டி, நீ குடும்பப் பெண்ணா தாசியா என்கிற தோரணையில் கேட்டு, எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்!

சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துக் கூடினார்கள். நாலு பேருக்கு மேல் கூடிப் பேசினால் பிடித்து அடைக்கும்படி கவர்னர் ஆளை ஏவினார்.

சுவரை இடித்தது அன்புதான் என்று நம்பவே எனக்கு ஆசை. பிரம்பு குறுக்கே நிற்கிறது.

இதற்குப் பூர்வகதை உண்டு. 1703-ல் ரோமாபுரியின் தூதராகப் புதுச்சேரியில் வந்து இறங்கினார் தூர்னோன். உடம்பு சரியில்லை, உள்நாட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை வைத்து 1704-ல் பதினாறு விதிகள் கொண்ட ஆணையைப் பிறப்பித்தார். தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது; கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது; ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை விடக் கூடாது. நம் ஜனங்களுக்கு எச்சில் அருவருப்பாயிற்றே என்று சேசு சபையார் அதை விட்டுவைத்திருந்தார்கள். இதே பட்டியலில்தான், சாகக்கிடக்கும் சேரிக்காரனின் வீட்டுக்குள் குருமார் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும் என்பதும் வருகிறது. அதுவரை நோயாளியை வெளியே தூக்கிவரச் செய்வது வழக்கம். தேங்காயும் சாகிற மனிதனும் ஒரே காகிதத்தில்!

யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைத் தூர்னோன் ஆயிரம் தடவை படித்திருப்பார். யேசுநாதர் தரையில் உமிழ்ந்து, சேறு குழைத்து, பிறவிக் குருடனின் கண்ணில் பூசுகிறார். அன்று ஓய்வு நாள். பரிசேயருக்குக் குருடன் கண் திறந்தது தெரியவில்லை. ஓய்வு நாளில் சேறு குழைத்ததுதான் தெரிந்தது. விதியை மீறிய அந்த எச்சிலையே புதுச்சேரியில் விதியாக்கிவிட்டார்கள் என்பது எனக்கு வேடிக்கையாகவும் இல்லை, சகிக்கவும் இல்லை.

1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பரசர் வழக்கை முடித்துவைத்தார். குருமார் சேரிக்குள் போக மறுத்ததால், சேரிக்கென்று தனிக் குருமாரை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இடம் கொடுத்தார். மறுவருஷம் சுவர் இடிந்தது. சம்பந்தம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

“அன்பால் இடித்தால் என்ன, ஆணையால் இடித்தால் என்ன? இடிந்ததே, அது போதாதா?” என்று சுவருக்கு அந்தப்புறம் இருந்தவன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அன்புக்காகக் காத்திரு என்று அவனிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால், ஆணையால் போன சுவர் ஆளில்லாத நேரத்தில் திரும்பிவிடுகிறது. இதே புதுவை - கடலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில் நடந்த சாதிக் கலவரத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. இரு தரப்பாரும் கத்தோலிக்கர்களே.

பிள்ளை கிறிஸ்தவர் அல்லர். கனகராய முதலியின் வீடு அவருக்குப் போட்டி வீடு. 1746-ல் முதலி இறந்த பிறகுதான் துபாஷ் பதவி இவருக்கு வாய்த்தது. ஆகவே அந்த வீட்டுப் பெண் பட்ட அவமானத்தை எழுதும்போது பேனா சற்று உற்சாகமாகவே ஓடுகிறது. அதற்காக அவரை நான் குறைத்து மதிக்கவில்லை. பக்தர் யாராவது எழுதியிருந்தால் ஒன்று சுவரை விட்டிருப்பார், அல்லது பிரம்பை விட்டிருப்பார். இவர் இரண்டையும் எழுதிவைத்தார். சுவர் இடிந்த அன்று இந்தப்புறத்திலிருந்து ஒருவராவது எழுந்து அந்தப்புறத்தாரின் பக்கத்தில் போய் முழங்காலிட்டாரா என்பதை மட்டும் எழுதவில்லை.