செம்மஞ்சள் புள்ளி எதைக் காப்பாற்றியது?

இதய மருத்துவக் கருத்தரங்குகளில் இந்தப் படம் இப்போது தவறுவதில்லை: சாம்பல் நிற சி.டி. படத்தின் மேல் பெட் ஸ்கேன் இட்ட செம்மஞ்சள் புள்ளி. சி.டி. தமனியின் உருவத்தைக் காட்டும். பெட், சுவருக்குள் நடக்கும் அழற்சியை அல்லது சுண்ணாம்பு படிவதைக் காட்டும். இரண்டையும் சேர்த்தால், வெடிக்கப்போகும் கொழுப்புப் படிவை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்கிறார்கள்.

ஆராய்ச்சிக்கு இது நல்ல கருவி; மறுக்கவில்லை. 2014இல் எடின்பரோ ஆய்வாளர்கள் கதிரியக்கச் சோடியம் ஃபுளோரைடு செலுத்திப் பார்த்தார்கள். மாரடைப்பு வந்த 40 பேரில் 37 பேருக்கு, அடைப்புக்குக் காரணமான படிவிலேயே புள்ளி மிகுதியாக ஒளிர்ந்தது.

ஆனால் நடந்ததைக் காட்டுவது வேறு, வரப்போவதைச் சொல்வது வேறு. 704 பேரைப் பின்தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வில், முதன்மையாகக் குறித்துவைத்த விளைவுகளோடு புள்ளிக்குத் தெளிவான தொடர்பு இல்லை. இதய மரணத்தையும் மாரடைப்பையும் தனியே பிரித்தபோதுதான் தொடர்பு தெரிந்தது. மேடையில் இந்த இரண்டாவது செய்தியே பெரிதாகச் சொல்லப்படுகிறது.

புள்ளி விழும் இடத்தையே பாருங்கள். கரோனரி தமனியின் அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். பெட் ஸ்கேன் பிரித்தறியும் அளவும் ஏறக்குறைய அதுதான். இதயம் துடிக்கிறது, மார்பு மூச்சில் ஏறி இறங்குகிறது. திரையில் இரு படங்களையும் பொருத்துபவர் கை சற்றே விலகினாலும், தமனியில் இருந்த புள்ளி பக்கத்துத் தசைக்குப் போய்விடும்.

என் பழைய ஆட்சேபம் இதைவிடப் பெரியது. படத்தில் நல்லது தெரிந்தால் நோயாளிக்கும் நல்லது நடந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். நல்ல கொழுப்பைக் கூட்டும் டால்செட்ராபிப் என்ற மருந்தை 130 பேரிடம் பெட், சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றாலும் சோதித்தார்கள். தமனிக்குக் கேடில்லை, நன்மைகூட இருக்கலாம் என்று 2011இல் அறிவித்தார்கள். மறு ஆண்டே 15,871 பேரிடம் நடந்த பெரிய சோதனை, பலனில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டது. மூன்று ஸ்கேன்கள் சேர்ந்தும் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரிடம் நடந்த ஆய்வை இதன் பக்கத்தில் வையுங்கள். பாதிப்பேருக்கு வழக்கமான பரிசோதனையோடு சி.டி. ஆஞ்சியோ மட்டும் கூடுதலாக எடுத்தார்கள். ஐந்தாண்டில் மாரடைப்பும் இதயநோய் மரணமும் 3.9 சதவீதத்திலிருந்து 2.3 ஆகக் குறைந்தன. செம்மஞ்சள் புள்ளி எதுவும் அங்கே இல்லை. அறிக்கையைப் பார்த்த மருத்துவர்கள் தடுப்பு மாத்திரைகளைக் கூடுதலாக எழுதினார்கள். அதுவே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

பெட்டும் சி.டி.யும் சேர்ந்த இணைப்புப் படத்தையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். படம் பார்த்து சிகிச்சை மாறியதா, மாறியதால் உயிர் மிஞ்சியதா? அதற்குப் பதில் வரும்வரை அது ஆய்வுக்கூடத்திலேயே இருக்கட்டும். அதுவரை அன்றாடச் சிகிச்சையின் பெயரால் ஒரு நோயாளியிடம் கூடுதல் கதிர்வீச்சையும் பணத்தையும் கேட்க நமக்கு உரிமையில்லை.