நாவரசர் திருப்பாட்டில் இயற்கையும் மனவமைதியும்

மனந் தளர்ந்தார் கானகத்தும் ஆற்றங்கரையினும் சிறிது பொழுது தங்கித் திரும்பின் தெளிவெய்துவர் என்னுங் கொள்கை இந்நாளில் உலகெங்கும் பரவியுள்ளது. ஜப்பான் நாட்டு வனத்துறையார் 1982-ஆம் ஆண்டில் இதற்கு 'வனக்குளியல்' எனப் பொருள்படும் பெயரிட்டு வழக்கிற் கொணர்ந்தனர். தமிழில் இக்கொள்கைக்குச் சான்று தேடுவார்க்கு முதற்கண் நினைவில் எழுவது திருநாவுக்கரசு சுவாமிகள் நீற்றறையில் அருளிய திருக்குறுந்தொகையேயாம். அத்திருப்பாட்டு உண்மையில் யாது கூறுகின்றது என்பது ஈண்டு ஆராயற்பாலது.

பல்லவ மன்னன் ஆணையால் சுண்ணாம்புக் காளவாயினுள் 7 நாள் அடைக்கப்பட்ட காலத்துச் சுவாமிகள் அதனை அருளினர் என்பது பெரியபுராணம். அதன்கண் ஐந்து இனிய பொருள்கள் எண்ணப்படுகின்றன. வீணையின் பழுதற்ற நாதம், அந்தி வானத்து நிலவு, தென்றல், இளவேனிற் பருவம், வண்டினம் இசைக்கும் பொய்கை என்பன அவை. வீணை யொன்றொழிய ஏனைய நான்கும் மக்கள் கைபடாத இயற்கைப் பொருள்கள். இவ்வளவில் நிறுத்திக் காண்பார்க்கு, இயற்கையே அமைதிக்குக் காரணம் எனச் சுவாமிகள் கூறியதுபோலத் தோன்றும்.

அது பொருந்தாது. என்னை? இவ்வைந்தனுள் ஒன்றேனும் நீற்றறையுள் இருந்ததில்லை. அங்கிருந்தது வெம்மை யொன்றே. மற்று, வெம்மையில் நின்றான் ஒருவன் முதலில் வேண்டுவது நிழல். அந்நிழலோ ஐந்தனுள் எண்ணப்படவில்லை. மரச்செறிவும் சோலையும் அப்பட்டியலில் இல்லை. நிழல் என்னுஞ் சொல்லைச் சுவாமிகள் எந்தையாகிய இறைவன் திருவடிக்கே உரிமையாக்கினர். ஐந்தும் உவமானமாய் முன்னிற்ப, திருவடி நிழல் ஒன்றே உவமேயமாய் நின்றது. நிழல் என்றமையால் வெயிலும் உடம்பட்டதாயிற்று. வெயிலில்லாதான் நிழலை நினையான். ஆகலின் இப்பாட்டுத் துன்பம் இல்லை என்று மறுப்பதன்று. துன்பத்தினிடையே புகலிடம் உண்டு என்று துணிவதாம்.

சேக்கிழார் பெருமான் இந்நுட்பத்தை நன்குணர்ந்தவர். நீற்றறையே இளவேனிலும் தென்றலும் குளிர்ந்த தடாகமும் நிலவும் யாழொலியும் போன்றதாகித் திருவடி நீழலருளாற் குளிர்ந்தது என அவர் விரித்தனர். நாவரசர் உவமையாக்கிய பொருள்களை அவர் களத்தின்மேல் ஏற்றினர். ஆயினும் குளிர்வித்தது அருளே என்பதை விடாது காத்தனர்.

அற்றேல், இயற்கை பயனற்றதோ எனின், அன்று. துய்த்தறியாத பொருள் உவமையாகாது. தென்றலின் தண்மையை மெய்யாலும் நிலவின் ஒளியைக் கண்ணாலும் முன்னரே நுகர்ந்தார்க்கன்றோ அவை காளவாயினுள்ளும் நினைவில் எழுந்து துணைசெய்யும்! தனு கரண புவன போகங்கள் உயிர் ஈடேறுதற்பொருட்டு இறைவன் கூட்டிய உள்பொருள்கள் என்பது சித்தாந்தம். உலகைப் பொய்யென இகழ்ந்து பொய்கையைக் காணாது கண்மூடிச் செல்வது அக்கொள்கைக்கு ஒத்ததன்று.

இக்காலத்து ஆய்வும் இதற்கு இயைகின்றது. பென்சில்வேனியா மாகாணத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை பெற்ற 46 நோயாளரின் பதிவுகளை ராஜர் உல்ரிக் என்பார் ஒப்புநோக்கி 1984-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சாளரத்தின்வழி மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற் சுவரையே கண்ட 23 பேரினும் விரைவில் வீடு திரும்பினர். வலி தணிக்கும் கடுமருந்தும் குறைவாகவே வேண்டினர். முயன்று செலுத்துங் கவனம் சோர்வடையும், மரமும் நீரும் முயற்சியின்றியே மனத்தை ஈர்த்து அச்சோர்வை நீக்கும் என்பது 1989-இல் நூலியற்றிய காப்லன் இணையர் கொள்கை. நாவரசர் எண்ணிய ஐந்தும் அத்தகையனவே. உற்றுநோக்கி உழைத்து அறியவேண்டுவது அவற்றுள் யாதுமில்லை.

ஆயின் அந்நோயாளர்க்குச் சாளரம் இருந்தது, நாவரசர்க்கு இல்லை. ஆய்வு நிற்கும் எல்லை இதுவே. இயற்கை பொறிகளின் கலக்கத்தைத் தணிக்கும். அது கண்முன் இல்லாத பொழுதும் உயிர் எதனைப் பற்றி நிற்பது என்னும் வினாவிற்கு அதனிடம் விடையில்லை. கானகத்தில் உற்ற அமைதி ஊர் எல்லையிலேயே கழிந்துவிடுவதாயின், அது ஓய்வேயன்றிப் பற்றுக்கோடாகாது.

நாவரசரின் திருவையாற்றுப் பதிகம் இவ்விரண்டனையும் இணைத்துக் காட்டும். கயிலைச் செலவில் உடல் தேய்ந்து வீழ்ந்த சுவாமிகள், இறைவன் பணித்தவாறு தடத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தனர். ஆங்குக் கண்டவை யானையும் பிடியும், சேவலும் பெடையும், மயிலும் குயிலும் போல்வன. அவை எவ்வூரினும் உள்ளனவே. அவற்றை இணையிணையாகக் கண்டபொழுதே முன்னொருநாளும் கண்டிராத காட்சியைக் கண்டதாகச் சுவாமிகள் அருளுகின்றனர். அங்கே உயிரினங்கள் புதியனவல்ல. அவற்றுள் அம்மையப்பரைக் கண்ட கண்ணே புதிது.

ஆகவே, நீற்றறைப் பாட்டைக் கொண்டு கானகமே போதும் என்பாரும், திருவடி நினைவிருக்கக் கானகம் எற்றுக்கு என்பாரும் அதனை அரைகுறையாகவே கற்றவராவர். திருக்கோயிலை எடுத்த முன்னோர் அதனையடுத்து நந்தவனமும் திருக்குளமும் அமைத்தது இவ்விரண்டும் வேண்டும் என்பதனாலேயாம். நந்தவனம் வாடவும் குளம் தூரவும் விட்டுவிட்டுப் பதிகத்தை மட்டும் ஓதுவோம் எனின், அதிலுள்ள உவமை வருங்கால மாணாக்கர்க்கு வெறுஞ் சொல்லாய் நின்றுவிடும். தென்றலை அறியாதார்க்குத் திருவடி நிழலை எதனைக் காட்டி விளக்குவது? பதிகம் ஓதுவோர் தத்தம் ஊர்க் குளத்தையும் நந்தவனத்தையும் பேணுதலும் அவ்வோதுதலின் ஒரு பகுதியே என்று கடைப்பிடிக்க.