இருநூறு வீடுகளின் விளக்கு

சோஷலிசக் காலத்துக் கட்டடங்களைச் செயற்கை நுண்ணறிவு 'மறுகற்பனை' செய்கிறது என்ற பேச்சு, கண்காட்சிக் குறிப்புகளிலும் நகரத் திட்டக் கருத்தரங்குகளிலும் இப்போது தவறாமல் காதில் விழுகிறது. இந்தப் பேச்சுக்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. அந்தக் காலம் யாரையும் கேட்காமல் கான்கிரீட்டைக் கொட்டியதாம். கலையும் கணினியும் வந்த பிறகுதான் அங்கே குடியிருப்பவர்களுக்கு வாய் கிடைத்ததாம். அரசு கேட்கவில்லை என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்று அதே காலத்தில், அதே கான்கிரீட்டின் நடுவில் நின்று வாதாடியவர்கள் இருந்தார்கள். அவர்களை மறந்துவிட்டு எழுதப்படும் எந்த மறுகற்பனையும் எனக்கு அரைகுறையாகவே படுகிறது.

முன்கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்டாலின் காலத்துக் கோபுர மோகம், 1955இல் போலந்துத் தலைநகர் வார்சாவின் நடுவே எழுந்த பண்பாட்டு மாளிகையோடு ஓய்ந்தது. அதற்குள், 1954 டிசம்பரில், கட்டுமானத் துறையினர் மாநாட்டில் பேசிய சோவியத் தலைவர் குருஷ்சேவ் அலங்காரத்தின் மீது போர் தொடுத்துவிட்டார். பொறியாளர் லாகுதென்கோவின் கே-7 வகை வீடுகள் வந்தன: ஐந்து மாடி, மின்தூக்கி கிடையாது, சுவர்கள் கான்கிரீட் பலகைகளாகத் தொழிற்சாலையிலிருந்து லாரியில் வரும். அந்த முறை பல உருவங்களில் கிழக்கு ஜெர்மனிக்கும் போலந்துக்கும் பரவியது. போரில் தரைமட்டமான வியட்நாமின் வின் நகரத்துக்கும் அந்த அடுக்கக மாதிரி கிழக்கு ஜெர்மானியர் வழியாகப் போய்ச் சேர்ந்தது. என் தலைமுறைக்காரர்கள் இவற்றை முதலில் பார்த்தது 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில்; அதில் எப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பால்கனியில் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

1989இல் கிழக்கு ஐரோப்பாவின் சோஷலிச ஆட்சிகள் சரிந்த பிறகு, படங்களில் வெயில் போய்ப் பனிமூட்டம் வந்தது. யான் கெம்பெனார்ஸ் 2010இல் வெளியிட்ட 'ஸ்போமெனிக்' புகைப்பட நூல் யூகோஸ்லாவியப் போர் நினைவுச் சின்னங்களை உலகப் புகழ் பெறச் செய்தது. அழகான படங்கள்தான், ஆனால் எந்தக் கிராமத்தார் எந்தப் பிணங்களுக்காக அவற்றை எழுப்பினார்கள் என்பது அந்தப் படங்களில் இல்லை. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து விழுந்த கற்களைப் போல அவை தனியே நிற்கின்றன. படம் வரையும் நுண்ணறிவுக் கருவிகள் இணையத்தில் குவிந்திருக்கும் படங்களையும் அவற்றின் தலைப்புகளையும் தின்று வளர்ந்தவை. அவை தரும் 'மறுகற்பனை'ப் படங்களில் பத்தைப் பார்த்தால் போதும், இந்த ஆளில்லாத அழகு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். கான்கிரீட்டில் கொடி படர்ந்திருக்கும், கூரையில் தோட்டம் இருக்கும், விடியற்காலை ஒளி சாய்வாக விழும். காயப்போட்ட துணி இருக்காது. பழைய சைக்கிள் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடியிருக்க மாட்டார். குடியிருப்பவர் கை பட்ட தடம் ஒன்றுகூட இல்லாத படத்தை மக்கள் பங்கேற்பு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கேதான் போலந்துக் கட்டடக் கலைஞர்களான ஒஸ்கார் ஹான்சென், சோபியா ஹான்சென் தம்பதியிடம் வர வேண்டும். ஒஸ்கார் 1922இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். போருக்குப் பிறகு பாரிஸில் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரேயிடம் வேலை பார்த்துவிட்டு வார்சா திரும்பினார். 1959இல் நெதர்லாந்தின் ஒட்டர்லோவில் நவீனக் கட்டடக் கலைஞர்கள் கூடியபோது 'திறந்த வடிவம்' என்ற கருத்தை முன்வைத்தார். கட்டியவரே முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்ட கட்டடம் மூடிய வடிவம். அதில் குடியிருப்பவர் வெறும் பார்வையாளர். திறந்த வடிவம் அன்றாட வாழ்க்கைக்குப் பின்புலமாக மட்டும் நிற்கும். மீதியை வாழ்பவர் முடிப்பார். அலங்காரம் வேண்டுமா வேண்டாமா என்று மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கட்டடத்தை யார் முடிக்கிறார் என்று கேட்டார் அவர். கூட்டுறவு அடுக்ககங்களை அவரோடு சேர்ந்து வரைந்த சோபியாவின் பெயர் கட்டுரைகளில் அடைப்புக்குறிக்குள் போய்விட்டது. 2013 வரை வாழ்ந்தவர் அவர். லூப்ளினின் சுவோவாட்ஸ்கி குடியிருப்பைப் பற்றியோ வார்சாவின் ப்ஷிச்சூவெக் குரோஹோவ்ஸ்கி குடியிருப்பைப் பற்றியோ அவர் பெயர் இல்லாமல் பேசுவது அநியாயம்.

குரோஹோவ்ஸ்கியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மடிந்து மடிந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளும் ஒரே கட்டடம் அது. வீட்டு வாசல்கள் வெளிப்புற நடைபாதைகளில் திறக்கின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அண்டை அயலார் நடந்து போவார்கள், நின்று பேசுவார்கள் என்பது கனவு. கட்டி முடித்தபோது எழுபதுகள் வந்துவிட்டன. அரசின் அளவு விதிகளும் ஒரே மாதிரிப் பலகைகளும் அறைகளை நெரித்துவிட்டன. ஊர்க்காரர்கள் அதற்கு 'பெகின்' (பீஜிங்) என்று பெயர் வைத்தார்கள். வந்தவர்கள் வழி தவறினார்கள். ஜன்னலை ஒட்டி அந்நியர் நடப்பது குடியிருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. நடைபாதைகளை மறித்துக் கதவும் கம்பியும் போட்டுக்கொண்டார்கள். ஹான்சென் தோற்றதற்கு இதைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் கம்பிக் கதவுகள் வடிவத்தை முடித்த கைகள். வரைந்தவர் எதிர்பார்த்த முடிவு அது அல்ல, அவ்வளவுதான்.

ஒஸ்கார் ஹான்சென் முப்பது ஆண்டுகள் வார்சா நுண்கலைக் கழகத்தில் கற்பித்தார். அவரிடம் பயின்ற க்ஜெகோஷ் கோவால்ஸ்கி, 'பொது இடம், சொந்த இடம்' என்றொரு பயிற்சியை உருவாக்கினார்: மாணவர்கள் பேசக்கூடாது, ஒருவர் செய்வதற்கு மற்றவர் செயலாலேயே பதில் சொல்ல வேண்டும். கோவால்ஸ்கியின் பட்டறையில் படித்த கலைஞர் பாவெல் அல்தாமர். அவர் குடியிருந்தது வார்சாவின் புரூட்னோ பகுதியில், நீளமாகப் படுத்திருக்கும் ஒரு பலகை அடுக்ககத்தில். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 27 இரவு, அந்த அடுக்ககத்தின் சுமார் 200 குடும்பங்கள் ஒரு வரைபடத்தின்படி, சில ஜன்னல்களில் விளக்கை ஏற்றி, மற்றவற்றில் அணைத்தன. கட்டடத்தின் முகத்தில் '2000' என்ற எண் பல மாடி உயரத்தில் எரிந்தது. ஒவ்வொரு கதவையும் தட்டிக் கேட்டு, ஒவ்வொருவரும் சரி என்று சொன்னால்தான் இது நடக்கும். ஒரு வீட்டில் மறந்துபோய் சமையலறை விளக்கைப் போட்டிருந்தால் சுழியில் ஒரு பல் விழுந்திருக்கும். சோஷலிச அடுக்ககத்தை மறுகற்பனை செய்த படைப்புகளில் இதற்கு மேலான ஒன்றை நான் அறியேன். மின்கட்டணத்தைத் தவிர அதற்குத் தேவைப்பட்டது சம்மதம் மட்டுமே.

இந்த வரிசையில் போலந்துக் கலைஞர் யூலிதா வூய்ச்சிக்கையும் சேர்ப்பேன். கதான்ஸ்க் நகரில் அலை அலையாக வளைந்து 850 மீட்டர் நீளும் அடுக்ககத்தை அவர் குரோஷா ஊசியால் நூலில் பின்னினார். ஆயிரக்கணக்கான பேர் வாழும் கான்கிரீட், மடியில் போட்டுப் பின்னும் பொருளானது. அல்பேனியாவின் திரானாவிலும் ஒரு சாட்சி இருக்கிறது. அந்நாட்டின் சோஷலிச ஆட்சியாளர் என்வர் ஹோஜாவின் அருங்காட்சியகமாக 1988இல் திறக்கப்பட்ட பிரமிடை இடித்துவிடவே ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. இளைஞர்களோ அதன் சரிவில் பல ஆண்டுகளாக ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். 2023இல் எம்விஆர்டிவி கட்டடக் கலை நிறுவனம் அதைப் புதுப்பித்தபோது அந்தச் சரிவுகளில் படிக்கட்டு வைத்தது. பெர்லினில் இதற்கு நேர் எதிராக, கிழக்கு ஜெர்மனி 1976இல் திறந்த குடியரசு மாளிகையை 2008க்குள் இடித்து முடித்து, அரசர் காலத்து அரண்மனையின் முகத்தை அங்கே திரும்பக் கட்டினார்கள். இழந்தது பெரிது.

நுண்ணறிவுக் கருவிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. படம் வரையும் வேலையிலிருந்து அவற்றை விடுவித்து, கேட்கும் வேலைக்கு அமர்த்தச் சொல்கிறேன். வீட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் அலமாரிகளில் ஐம்பது ஆண்டுப் புகார்க் கடிதங்கள் கிடக்கின்றன: கசியும் இணைப்பு, நின்றுபோன மின்தூக்கி, மாடிப்படியில் குழந்தைகள் சத்தம். கையெழுத்தை வாசித்து, வீடு வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்க இன்று ஒரு கருவியால் முடியும். மூத்த குடியிருப்பாளர்களின் மணிக்கணக்கான பேச்சை எழுத்தாக்க முடியும். பலகைகளின் இணைப்பில் விரிசல் எங்கே வளர்கிறது என்று படங்களை ஒப்பிட்டுச் சொல்ல முடியும். அப்படிச் சேர்ந்ததை அந்தந்த மாடிப்படியிலேயே வைத்து, குடியிருப்பவர்களே பார்த்துத் திருத்தட்டும்.

எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் 'பெகின்' நடைபாதையிலிருந்து தொடங்குவேன். முதல் கம்பிக் கதவை எந்த ஆண்டில் யார் போட்டார், எந்த வீட்டார் எதிர்த்தார்கள், சாவி இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது?